பட்டியலில் இல்லாத என் பெயர்

அன்புள்ள தோழிக்கு,

குரூப் பட்டியலில் நான் பெயர் சேர்க்கவில்லை என்ற உன் கோபம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக வந்ததற்கு அங்கேயே பதில் போட்டிருக்கலாம். போட்டால் நீ உடனே ஒன்று போடுவாய், நான் ஒன்று போடுவேன், ராத்திரி பத்து மணிக்குள் நாற்பது வருஷச் சிநேகிதம் காலி. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை.

அன்று என்ன ஆயிற்று என்று என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலையில் குரூப்பில் அந்தப் பட்டியல் வந்தது. "இந்த விஷயத்தில் நம்மோடு நிற்பவர்கள் கீழே பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பவும்." மத்தியானம் பார்த்தால் 17 பேர். சாயங்காலம் 26. ஒவ்வொருத்தியாக எழுந்து "உள்ளேன் அம்மா" சொல்கிற மாதிரி இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருத்தி, யார் யார் படித்தார்கள் என்று காட்டும் அந்தப் பக்கத்தையே படம் பிடித்துப் போட்டாள். "படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் கவனத்துக்கு." அதில் என் பெயர் மேலேயிருந்து மூன்றாவது.

உண்மையைச் சொன்னால் 27 என்று அடித்துப் பெயரையும் அடித்தேன். பிறகு அழித்தேன். நான் எந்தப் பக்கம் என்று இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அந்த வரியை மட்டும் தேடிப் படித்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுவாய்.

"ஒளிக்க என்ன இருக்கிறது? நேர்மையானவர்கள் ஏன் மறைக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை உன்னைவிடப் பெரிய ஆள் கேட்டிருக்கிறார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், ரகசிய ஓட்டை எதிர்த்தவர். ஓட்டு உன் சொத்தல்ல, ஊருக்காக உன் கையில் கொடுத்து வைத்திருக்கும் பொறுப்பு. அதை ஊரார் கண்ணெதிரில்தான் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய அப்பாவோ ரகசிய ஓட்டை ஆதரித்தவர். ஒரே வீட்டில் இரண்டு கட்சி!

மில் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டுப் போடுகிறவன் அதிகாரி முன்னால் நின்று வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று பெயரோடு புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தால் போதும், மாற்றிப் போட்ட குடியானவன் மறு வருஷம் அந்த நிலத்தில் இருக்க மாட்டான். 1838-இல் அங்கே ஓட்டுரிமைக்காகக் கிளம்பிய சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கை வைத்தார்களே, அதில் ரகசிய ஓட்டும் ஒன்று. (பெண்களுக்கு ஓட்டு அந்த ஆறில் இல்லை. அதை ஒருமுறை பெருமூச்சு விட்டுத் தாண்டிவிடுவோம்.) ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே ரகசிய ஓட்டைக் கொண்டுவந்துவிட்டன. அரசே அச்சடித்த சீட்டு, தனியாக நின்று குறியிட ஒரு தடுப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் அதற்கு ஆஸ்திரேலியச் சீட்டு என்றே பெயர். பிரிட்டனில் 1872-இல்தான் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பெட்டிக்குள் சீட்டுப் போட்டார்கள். பெட்டிக்கு அரக்கு முத்திரை குத்தியது எதை வைத்துத் தெரியுமா? அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குக் குத்துகிற அச்சை வைத்து. இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு வாஞ்சை.

எனக்கும் வெகுநாள் புரியாமல் இருந்த ஒன்று உண்டு. ரகசியம் ஓட்டாளரின் உரிமை என்றால், விரும்பினால் அவரே சொல்லிக்கொள்ளட்டுமே, ஏன் பல நாடுகளில் ஓட்டுப் போடும் இடத்தில் படம் எடுக்கக்கூடத் தடை? பிறகுதான் உறைத்தது. வெளியே வந்து நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நிரூபிக்கத்தான் முடியாது. நிரூபிக்க முடியாததால்தான் விலை கொடுத்து வாங்க வருகிறவனுக்குச் சரக்கு கைக்கு வந்ததா என்று தெரியாது. மிரட்டுகிறவனுக்கும் அதே கதி. சிலருக்கு மட்டும் காட்ட அனுமதி கொடுத்துவிட்டால், காட்டாதவர்கள் எல்லாரும் அந்த நிமிஷமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடுவார்கள். எல்லாரும் மறைத்தால்தான் யாரும் மறைக்கிறவர் ஆக மாட்டார்.

நம் குரூப் பட்டியலில் என்னை உறுத்தியது இதுதான். பெயர் போட்ட 26 பேர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த 26, போடாதவர்களையும் ஒரு பட்டியலாக்கிவிட்டது. மௌனமாக இருந்தவள் எதிரணி ஆகிவிட்டாள். லைக் போடாததற்கும், முகப்புப் படத்தை மாற்றாததற்கும் இப்போது இதே கணக்குத்தான். அன்று புத்தகம் அச்சடித்தார்கள், இன்று நாமே அடித்துக்கொடுக்கிறோம்.

நம் தேர்தல் விதிகளில் இருந்த 49-ஓ உனக்கு ஞாபகம் இருக்குமே? யாருக்கும் ஓட்டில்லை என்பவர், வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சுற்றி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். போட்டவருக்கு ரகசியம், போடாதவருக்கு அம்பலம். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லித்தான் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. எல்லாரும் நோட்டாவால் என்ன பிரயோஜனம் என்று விவாதித்தார்கள். எனக்கோ அந்தத் தீர்ப்பில் பிடித்தது, 'ஒருவருமில்லை' என்பதையும் தடுப்புக்குப் பின்னால் நின்று சொல்லலாம் என்றதுதான்.

நீ எதிர்வாதம் செய்வாய் என்று தெரியும். சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் மாநிலத்தில் இன்றும் திறந்தவெளியில் கூடிக் கை தூக்கித்தானே முடிவெடுக்கிறார்கள் என்பாய். சரி. அங்கே கூடுகிற நாளும் இடமும் எல்லாருக்கும் தெரியும். நான் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது யாரும் கை தூக்கச் சொல்வதில்லை.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1893-இல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு மனுக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 32,000 கையெழுத்து. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி உருளையாகச் சுற்றி, பார்லிமெண்டில் உருட்டி விட்டார்கள். அந்த வருஷமே ஓட்டுக் கிடைத்தது. அவர்கள் பெயரை வெளியில் எழுதியிருக்காவிட்டால் மறைவாகப் போட ஓட்டே இருந்திருக்காது. அப்படி எழுத வேண்டிய இடமும் உண்டு. வேலையில் இருந்தபோது எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. கூட வேலை பார்த்த பெண் மேல் வீண்பழி போட்டார்கள். சாட்சிக்கு என்னைக் கேட்டார்கள். "நான் கவனிக்கவில்லை" என்றேன். கவனித்திருந்தேன். அந்த மௌனத்தை நியாயப்படுத்த எந்தச் சட்டமும் என்னிடம் இல்லை. உன் நான்கு வரியில் "கோழை" என்ற சொல்லைப் படித்ததும் முதலில் அந்தப் பெண் முகம்தான் வந்தது. உனக்கு இது தெரியாது, தெரிந்து எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மாவை உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் ஓட்டுப் போட்டுத் திரும்பும்போது அப்பா வாசலில் நிற்பார். "சொன்னபடி போட்டியா?" அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போட்டாச்சு" என்பாள். வேறு ஒரு வார்த்தை வராது. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார். அப்பா போன பிறகு ஒருநாள், நிஜமாகவே அவர் சொன்னவருக்குத்தான் போட்டாயா என்று கேட்டேன். "அந்த அட்டைக்குப் பின்னாடி போனா யாருமே இருக்க மாட்டாங்க. எனக்கு அது பிடிக்கும்" என்றாள். ஒன்பது பேர் இருந்த வீட்டில் அவளுக்கென்று கதவு வைத்த அறை ஒன்றுகூடக் கிடையாது. யாருக்குப் போட்டாள் என்பதை என்னிடமும் சொல்லவில்லை.

பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? டாக்டர் கொடுத்த மருந்தை ஐந்து நாளும் கொடு, மூன்றாம் நாளே தேறிவிட்டாள் என்று நிறுத்திவிடாதே. குரூப்பிலிருந்து நான் வெளியேறப் போவதில்லை; சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. திட்டுவது மிச்சமிருந்தால் அப்போது திட்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி