மருமகனுக்கு: ஓரத்தில் நிற்கிறவர்களைப் பற்றி

அன்புள்ள மருமகன்,

ரொறன்ரோவில் இருந்து நீ அனுப்பின பட்டியல் கிடைத்தது. "சாகிறதுக்கு முன்னம் பார்க்க வேண்டிய உலகப் படங்கள்" என்று தலைப்பு வேறு போட்டிருக்கிறாய். மாமாவுக்கு இன்னும் அவ்வளவு வயசாகவில்லை. அதில் முக்கால்வாசி நான் பார்த்ததுதான். மட்டக்களப்பில் இருக்கிறவனுக்கு விஜய் படத்தை விட்டால் வேறொன்றும் தெரியாது என்று அங்கே இருக்கிற நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தியேட்டரில் வேறு படம் போடுவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் இங்கத்தைப் பொடியன்களின் போனுக்குள் கொரியாவும் இருக்கிறது, ஜப்பானும் இருக்கிறது. பெட்டைகள் கொரிய நாடகம் பார்த்து விடிய விடிய முழித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏச்சு.

பட்டியலில் முதலாவதாக 'தி இம்பாசிபிள்' இருக்கிறது. சுனாமியை இதைவிட நன்றாக யாரும் எடுக்கவில்லை, பார்த்து அழுதேன் என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். கல்லடியில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் சரியில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டு முடிக்கிற விசயமும் இல்லை. அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் கடிதமாகவே எழுதுகிறேன்.

அந்த அலைக் காட்சி அபாரம், அதில் எனக்கு வாதமே இல்லை. ஸ்பெயின்காரர் பயோனா 2012 இல் எடுத்த படம். ஸ்பெயினில் பெரிய தண்ணீர்த் தொட்டியில் நடிகர்களை இறக்கி, உண்மையான தண்ணீருக்குள்ளேயே புரட்டி எடுத்தார்கள். நவோமி வாட்ஸ் தண்ணீருக்கு அடியில் சுழன்று போகும்போது எது கம்பு, எது கம்பி என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வந்து குத்தும். அது சரி. இங்கே தப்பி வந்தவர்களைக் கேட்டுப்பார், அலை எவ்வளவு உயரம் என்று பேசமாட்டார்கள். தகரம் வெட்டினதை, முள்ளுக்கம்பி கிழித்ததை, வாய்க்குள் போன சேற்றைத்தான் சொல்வார்கள். வந்தது நீலக் கடல் இல்லை, கறுத்த தண்ணி. படத்தில் அந்த நிறமும் சரி, காலில் பிளந்துகிடக்கிற காயமும் சரி.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அது ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் கதை, படத்தில் இங்கிலாந்துக் குடும்பமாக ஆக்கிவிட்டார்கள். வியாபாரம், விடு. தாய்லாந்துச் சனம் எங்கே? ஒரு கிழவர் வந்து அந்தத் தாயைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போகிறார். பெண்கள் அவவின் மேலைத் துடைத்து உடுப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் தப்பினார்களா, வீடு நின்றதா என்று கமரா ஒருக்கால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் இன்சூரன்ஸ் ஆள் வந்து குடும்பத்தை விமானத்தில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறார். நீ அந்த இடத்தில்தான் அழுதிருப்பாய். எனக்கு அந்த இடத்தில்தான் படம் அந்நியமாகிப் போனது. 2004 டிசம்பர் 26, போயா (பௌர்ணமி) நாள், ஞாயிற்றுக்கிழமை. அலை அடித்த எங்கட நாவலடிக்கு எந்த விமானமும் வரவில்லை, மனே. பக்கத்தில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேரளவில் போய்ச் சேர்ந்தார்கள்.

எந்த நாட்டுப் படம் என்றாலும் நான் பார்க்கிறது இதைத்தான். கதாநாயகன் எப்படியும் பிழைத்துக்கொள்வான், அவனுக்குச் சம்பளம் அதற்குத்தான். ஓரத்தில் நிற்கிறவனைப் படம் மனிசனாக வைத்திருக்கிறதா, கதை தள்ளுகிற கூலியாக வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லுகிறேன் என்று நினைக்காதே. நம்முடைய 'தசாவதாரம்' 2008 இல் வந்தது. சுனாமிக்கு நாலு வருசம்கூட ஆகவில்லை. அதில் கடல் எதற்கு வருகிறது? கிருமியை உப்புத் தண்ணீர் அழிக்க வேண்டும், அதற்காக வருகிறது. கரையில் இருந்த சனம் அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. கமலுடைய பத்து வேசத்தில் மணல் கடத்தலை எதிர்க்கிற பூவராகன் மட்டும்தான் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் அந்தத் தண்ணியில் சாகிறான். பத்துப் பேரில் அவன் ஒருத்தன்தான் எனக்கு ஆளாகத் தெரிந்தான். படத்தை முழுக்க அவனை வைத்தே எடுத்திருக்கலாம். யார் காசு போடுவார்கள், அது வேறு கதை.

'டைட்டானிக்'கை நீ பட்டியலில் சேர்க்கவில்லை, எல்லாரும் பார்த்த படம் என்ற இளக்காரம் போல. ஆனால் அந்த மூன்றாம் வகுப்புத் தாயை நினைத்துப்பார். தண்ணி ஏறி வருகிறது, இரண்டு பிள்ளைகளையும் கட்டிலில் படுக்கவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறா. கமரூன் அவவுக்குச் சில விநாடிதான் கொடுத்தார், அது போதுமாக இருந்தது. ரோஸ் ஏறி மிதந்த அந்தப் பலகையில் ஜாக்குக்கும் இடம் இருந்ததா என்ற சண்டையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். மார்வல் படங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அவ்வளவு கட்டடம் இடிகிறது, கூட்டி அள்ளுகிறவனைக் காட்டுகிறது குறைவு.

அப்புறம் கொரியப் படம் 'பாரசைட்'. 2019 இல் கான் விழாவில் பெரிய விருது, மறு வருசம் ஒஸ்காரில் சிறந்த படம். ஆங்கிலம் இல்லாத படம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. உடனே தமிழ்நாட்டில் இது எங்களுடைய 'மின்சார கண்ணா' என்று கிளம்பிவிட்டார்கள், தயாரிப்பாளர் வழக்குப் போடப்போகிறேன் என்றும் சொன்னார். நான் இரண்டையும் பார்த்தவன். ஒரு குடும்பம் இன்னொரு வீட்டுக்குள் வேலைக்காரராக நுழைகிறது, அந்த மட்டில் ஒன்றுதான். விஜய் அங்கே காதலுக்காகப் போகிறார், பாரசைட்டை எடுத்த பொங் ஜூன் ஹோவின் ஆட்கள் சோற்றுக்காகப் போகிறார்கள். (தசாவதாரமும் மின்சார கண்ணாவும் ஒரே கே. எஸ். ரவிக்குமார் எடுத்தது. மனிசன் என்னை விடமாட்டார் போல.)

நீ பாரசைட்டில் அந்தப் பெரிய வீட்டைப் பற்றி, படிக்கட்டைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தாய். நான் மழையைப் பார்த்தேன். இரவிரவாக அடிக்கிறது. பணக்காரப் பிள்ளை முற்றத்தில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறான், கூடாரம் ஒழுகவில்லை. கீழே இவர்களுடைய அரைநிலவறை வீட்டில் கழிவறையால் ஊத்தைத் தண்ணி பொங்கி மேலே அடிக்கிறது. மகள் போய் அதன் மூடியை அமத்திக்கொண்டு மேலேயே குந்தியிருந்து, கூரைக்குள் ஒளித்துவைத்த சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்கிறாள். விடிய எல்லாரும் ஒரு விளையாட்டு மண்டபத் தரையில் படுத்துக்கிடக்கிறார்கள். அதே காலையில் அந்த வீட்டு அம்மா, மழையால் வானம் நல்லாத் துப்பரவாகிவிட்டது என்று போனில் சந்தோசப்படுகிறா. மார்கழி, தை மாதத்தில் வாவிக்கரைப் பக்கம் வந்து பார்த்திருந்தால் உனக்கு அந்தக் காட்சிக்கு விளக்கமே தேவைப்படாது. 2011 சனவரி வெள்ளத்தில் பள்ளிக்கூடத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் பக்கத்திலேயே, இந்தமுறை குளம் நிறைந்துவிட்டது, வேளாண்மைக்கு நல்லது என்று கதைத்தவர்களும் இருந்தார்கள்.

ஈரானுக்கு வருகிறேன். மஜித் மஜிதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' (1997). தங்கச்சியின் சப்பாத்தைத் தமையன் தொலைத்துவிடுகிறான், இரண்டு பேரும் ஒரு சோடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். எல்லாரும் ஓட்டப்பந்தயத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டு சின்ன இடம். தொலைந்த சப்பாத்து வேறொரு பிள்ளையின் காலில் இருக்கிறது. அண்ணனும் தங்கச்சியும் பின்னாலேயே போய்ப் பார்க்கிறார்கள், அந்தப் பிள்ளையின் தகப்பனுக்குக் கண் தெரியாது. ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். மற்றது, தகப்பன் பள்ளிவாசலுக்காகச் சீனிக்கட்டி உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறாள், சீனி இல்லை. முன்னால் குவியலாகச் சீனி கிடக்கிறது, அதில் ஒன்றைப் போடலாமே என்கிறாள். அது பள்ளிவாசலுடையது என்கிறார் அவர். காத்தான்குடியில் என்னுடைய கூட்டாளி ஒருவனோடு இருந்து பார்த்தேன். அந்த இடத்தில் படத்தை நிப்பாட்டி, "இது எங்கட வாப்பா" என்றான். என்னுடைய அப்பா கோயில் கணக்குப் பார்த்தவர், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னுடைய பட்டியலில் இலங்கைப் படம் ஒன்றுகூட இல்லை. அதுதான் பெரிய குறை. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'வைத் தேடிப் பார். 1997 இல் எடுத்தது, அரசாங்கம் திரையிட விடவில்லை, உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. சிங்களக் கிராமம், கண் தெரியாத கிழவர், ஜோ அபேவிக்ரம நடித்திருக்கிறார். சண்டைக்குப் போன ஆமிக்கார மகனின் பெட்டி வருகிறது, சீல் வைத்து. திறக்கக் கூடாது. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் காசு வரும், கடன் தீரும், மகளின் கலியாணம் நடக்கும். கிழவர் வைக்கவே மாட்டார். மகன் சாகவில்லை என்பார். கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவரே புதைகுழியைத் தோண்டத் தொடங்குகிறார். பெட்டிக்குள் வாழைத்தண்டும் கல்லும்.

எங்களுக்கு எதிராகச் சண்டைக்குப் போனவனின் தகப்பனுக்காக நான் ஏன் கண் கலங்க வேண்டும் என்று பார்க்கத் தொடங்கும்போது எனக்கும் இருந்தது. ஆனால் இங்கே காந்தி பூங்காப் பக்கம் காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மாரை நீ கண்டிருக்கிறாய். மரணச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்றால் அவர்களும் வாங்க மாட்டார்கள். அந்தக் கிழவரைக் கொண்டுவந்து அந்த வரிசையில் நிற்பாட்டினால் பாசை மட்டும்தான் வேறு.

'தீபன்' பற்றி நீ கட்டாயம் கேட்பாய். ஷோபாசக்தி நடித்த படம், 2015 இல் கான் விழாவின் பெரிய விருது. முக்கால்வாசி நம்முடைய பாசை, பிரெஞ்சுக்காரன் சப்டைட்டில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு ஒரு சந்தோசம். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பமாகிற பகுதி அருமை. ஆனால் இயக்குநர் ஓடியார் கடைசியில் தீபன் கையில் ஆயுதத்தைக் கொடுத்து மாடிப்படியில் ஏற்றிவிட்டார். அவர்கள் பிரான்சில் போய்ச் சேர்ந்த குடியிருப்புப் பொடியன்கள், பிராஹிம் என்ற ஒருவனைத் தவிர, சுடப்படுவதற்காகவே வந்து நிற்கிறார்கள். அவர்களும் எங்கிருந்தோ வந்த சனம்தானே? நம்முடைய ஆள் நாயகன் என்பதற்காக நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவுக்கு ஈரான் படத்தைப் போட்டுக் காட்டு. சப்டைட்டில் வாசிக்க அவவுக்குப் பஞ்சி, நீ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே போ. இம்பாசிபிளை வீட்டில் போடாதே. உன்னுடைய பட்டியலில் இருக்கிற அந்தப் போலந்துப் படம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, இணைப்பு இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
மாமா
கல்லடி, மட்டக்களப்பு