எலி மருந்தும் செம்பருந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வயல் குறிஞ்சிப்பாடிப் பக்கம், பெருமாள் ஏரிப் பாசனம். சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் எலி வெட்டு தாங்காமல் பக்கத்து வயல்காரர் குருணைப் பூச்சி மருந்தைச் சோற்றில் பிசைந்து வரப்போரம் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும் ஒரு காலத்தில் வைத்தவன்தான். மறுநாள் காலை மடை பார்க்கப் போனால் ஒரு செம்பருந்து கவிழ்ந்து கிடக்கிறது, றெக்கை தொங்கி, வாயில் கோழை வழிய, கால் விரல்கள் முஷ்டி மாதிரி இறுகி, பக்கத்தில் பாதி தின்ற எலியோடு.

அட்டைப்பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவமனையில், காட்டுப் பறவை, வனத்துறையைக் கேளுங்கள் என்றார்கள். வனத்துறையில், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார்கள். மதியத்துக்குள் செத்துவிட்டது. வானத்தில் பார்த்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் இது.

அப்புறம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். கார்போஃபியூரான், மோனோகுரோட்டோபாஸ் வகை விஷங்கள் நரம்பை அடக்கும் நொதியை முடக்கிவிடுமாம், நரம்பு ஓயாமல் துடித்து மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து அட்ரோபின் ஊசி. பூச்சி மருந்து குடித்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் போடுகிற அதே ஊசிதான், விலையும் பெரிதில்லை. சீக்கிரம் போட்டு, கதகதப்பில் வைத்து, நீர்ச்சத்து ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. எலி கேக் தின்ற எலியைப் பிடித்த பறவை என்றால் உள்ளே ரத்தம் கசியும், அதற்கு வைட்டமின் கே. துத்தநாக பாஸ்பைடு என்கிற எலி மருந்துக்குத்தான் முறிவு மருந்தே கிடையாது.

பிழைத்தாலும் உடனே பறக்கவிட முடியாது. நீளமான கூண்டில் பறந்து, திரும்பி, இரையைக் காலால் இறுக்கிப் பிடிக்கிற வரை வைத்திருக்க வேண்டும். இந்தக் கூண்டும், பறவை பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரும், எந்தத் துறை பொறுப்பு என்று சொல்கிற ஒரு தொலைபேசி எண்ணும் கடலூரில் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையை மாநில எல்லை தாண்டி எடுத்துப்போக யார் கையெழுத்துப் போடுவது? இரண்டு அரசும் பேசி இதை முன்கூட்டியே முடித்து வைக்கலாமே.

அதுவரை நம் கையில் உள்ளது: செத்த எலியை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மயங்கிய பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், துளை போட்ட பெட்டியில் இருட்டாக வைத்தால் போதும்.

இந்த வருடம் மருந்து வைக்காமல் தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வாங்கிப் போட்டிருக்கிறேன், பறவை உட்கார நாலு குச்சியும் நட்டிருக்கிறேன். ராத்திரியில் ஒரு கூகை வந்து உட்காருகிறது. பக்கத்து வயலில் இன்னும் சோறு வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்.