டாலரைப் பெருக்குமுன் வாடகையைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டால், என்ன வேலை என்று விசாரிப்பதற்கு முன்பே சம்பளத்தை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துவிடுகிறோம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பாடுபட்டுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய வீட்டை அந்தக் கணக்கை நம்பிப் பிணையம் வைக்கும் பெற்றோரும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன், 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். அம்மாநிலத்துக்கெனத் தனிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லாததால், 2009 முதல் மாறாதிருக்கும் மத்திய அரசின் மணிக்கு 7.25 டாலர்தான் அங்கும் செல்லும். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் மாதம் ஏறத்தாழ 1,256 டாலர். நம் மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியமான மாதம் 1,700 ரிங்கிட்டுடன் ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கும் மேல்தான். ஆனால், அங்கே ஒரு படுக்கையறை வீடு 1,500 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. முதலாளிகள் பலர் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள் என்பது உண்மை. இரு மடங்கே கொடுத்தாலும், சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பிடிக்கப்படும் 7.65 விழுக்காடும் வாடகையும் போனால், வருமான வரியைச் சேர்க்காமலே, கையில் நிற்பது எண்ணூறு டாலருக்குச் சற்று அதிகம்.

அங்கு பணிபுரியும் என் தங்கை மகன் தன் வாடகை ஒப்பந்தத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருந்தான். வாடகைக்குக் கீழே தண்ணீர், குப்பை அகற்றுதல், பூச்சி மருந்து, கார் நிறுத்துமிடம், குடியிருப்பவர் காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் போடப்பட்டிருந்தது. கடலோரம் என்பதற்கும் ஒரு விலை உண்டு: கடல் பொங்கும் நாள்களில் மழையே இல்லாமல் தெருக்களில் நீர் ஏறும் ஊர் அது, 1989இல் ஹியூகோ சூறாவளியையும் கண்டது. சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்காததால் அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வீட்டுக்காரர் கட்டும் அந்தத் தொகை கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டுச் செலவை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். அரிசி, பால், முட்டை போன்ற சமைக்காத உணவுப் பொருள்களுக்கு அம்மாநிலத்தில் மாநில விற்பனை வரிகூட இல்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போவது கடினம் என்பதும், மருத்துவமும்தான் கழுத்தை நெரிப்பவை. இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்த்துப் பழகிய நமக்கு, வேலையோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்புறுதி அந்த வேலையோடு போய்விடக்கூடும் என்பது எளிதில் விளங்குவதில்லை.

எனவே, வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் சம்பளத்தை ரிங்கிட்டில் பெரிய எழுத்தில் அச்சிடும்போது, அந்நகரின் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையையும் அருகிலேயே குறிப்பிடுமாறு தங்கள் நாளிதழ் விளம்பரதாரர்களிடம் கேட்க வேண்டும். பெற்றோரும் முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், மருத்துவக் காப்புறுதியில் முதலாளி எவ்வளவு கட்டுவார், பிள்ளை எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்