நிறுவல் குறிப்பிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கிவிடுங்கள்

அறிவியல் மென்பொருள்களுக்கு நிறுவல் குறிப்பு எழுதும் அனைவருக்கும்,

வணக்கம். ஆய்வு மாணவர்கள் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் பணி. உங்கள் மென்பொருள்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவற்றின் நிறுவல் பக்கங்களில், "பிழை வந்தால்" என்ற தலைப்பின் கீழ் அடிக்கடி காணப்படும் ஓர் அறிவுரையைப் பற்றியே எழுதுகிறேன். காண்டா என்ற பொதி மேலாளர் உருவாக்கும் தனிச் சூழலின் லிப் கோப்புறையை, நிரலகங்களை (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புகளை) எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் சேர்த்து, அதை முனையம் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைக்கும்படி சொல்கிறதே, அந்த அறிவுரைதான்.

அது எந்த நோய்க்கான மருந்தாகத் தரப்படுகிறது என்பது எனக்கும் தெரியும்: தேவையான நிரலகப் பதிப்பு கிடைக்கவில்லை என்ற பிழை. உபுண்டு 20.04 கணினியில் உள்ள சி++ நிரலகம் ஜிசிசி என்ற கம்பைலரின் 10-ஆம் பதிப்பிலிருந்து வந்தது. ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் அது தரும் பதிப்பு அடையாளங்கள் 3.4.28 வரைதான். ஜிசிசி 12 கொண்டு கட்டப்பட்ட பொதி 3.4.30-ஐக் கேட்கும். காண்டா சூழலுக்குள் புதிய நிரலகம் இருந்தும் சில வேளைகளில் பிழை வருவதற்குக் காரணம், பைதானின் பொதி நிறுவியான பிப் வழியாக வந்த அல்லது கணினியின் சொந்தக் கம்பைலரால் கட்டப்பட்ட வேறொரு நீட்சி முதலில் இறக்குமதியாகி, பழைய நிரலகத்தை நினைவகத்தில் ஏற்றிவிடுவதே. அதே பெயருள்ள நிரலகம் ஏற்கெனவே ஏறியிருந்தால், நிரலகங்களைத் தேடி ஏற்றும் இயங்குநேர இணைப்பி மறுபடி தேடாது. இருப்பதையே எல்லாருக்கும் கொடுக்கும். பைதான் நிரலில் இரண்டு இறக்குமதி வரிகளை இடம் மாற்றியதும் பிழை மறைந்துபோவதைக் கண்டு மாணவர்கள் திகைப்பது இதனால்தான்.

இனி அந்த மாறி என்ன செய்கிறது என்று பாருங்கள். இணைப்பி முதலில் கோப்புக்குள் எழுதப்பட்ட ஆர்பாத் என்ற தேடல் பாதையைப் பார்க்கும், அடுத்து எல்டி_லைப்ரரி_பாத், அதற்குப் பிறகே கோப்புக்குள் எழுதப்படும் மற்றொரு வகைப் பாதையான ரன்பாத், கணினியின் தற்காலிகப் பட்டியல், வழக்கமான கோப்புறைகள். ஆகவே பாஷ்ஆர்சியில் எழுதப்பட்ட பாதை உங்கள் மென்பொருளுக்கு மட்டும் உரியதாக நிற்பதில்லை. அந்த முனையத்திலிருந்து தொடங்கும் கிட், கர்ல், எஸ்எஸ்எச் உட்பட அனைத்துக்கும் அது முன்னால் வந்து நிற்கிறது. கணினியில் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தோடு இணைத்துக் கட்டப்பட்ட எஸ்எஸ்எச், காண்டாவின் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுத்துக்கொண்டு, பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்ய வரும் மாணவருக்கு, பல மாதங்களுக்கு முன் நிறுவிய ஒரு மரபணு வரிசை ஆய்வுக் கருவிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

இரண்டாவது சூழலை உருவாக்கும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. காண்டா ஒரு சூழலைச் செயல்படுத்தும்போது இந்த மாறியைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு கோப்பும் தன் இருப்பிடத்திலிருந்து லிப் கோப்புறையைக் கண்டுகொள்ளும்படி சார்புப் பாதையை அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. சூழல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது அந்த ஏற்பாட்டால்தான். நிரந்தர மாறியோ முதல் சூழலின் நிரலகங்களை மற்ற எல்லாச் சூழல்களுக்கும் அழைத்துச் செல்கிறது. ஆர்பாத் உள்ள கோப்புகள் தப்பிக்கும். ரன்பாத் மட்டும் உள்ளவை தப்பா.

அந்த இடத்தில் நோயறியும் வழியை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். எல்டி_டீபக் என்ற மாறிக்கு லிப்ஸ் என்று மதிப்பிட்டு நிரலை ஒருமுறை ஓட்டினால், எந்த நிரலகம் எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்பது வரிவரியாகத் தெரியும். ரீட்எல்ஃப் என்ற கட்டளை, கோப்புக்குள் இருக்கும் பாதையைக் காட்டும். பழைய நிரலகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பின் தீர்வு பெரும்பாலும் எளிது: புதிய சூழல், கனமான பொதிகள் அனைத்தும் ஒரே சேனலிலிருந்து (காண்டா பொதிகளைப் பெறும் களஞ்சியத்திலிருந்து), கண்டிப்பான சேனல் முன்னுரிமை, பிப் கடைசியில். 2004-இல் வந்த ஜிசிசி 3.4 முதல் சி++ நிரலகம் பின்னோக்கிய இணக்கத்தைக் காத்துவருவதால், இரண்டில் புதிய நிரலகமே பழையதைக் கேட்கும் பொதிகளுக்கும் போதும். மாறி இல்லாமல் முடியவே முடியாது என்றால், குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் அதை எழுதச் சொல்லுங்கள்.

ஜிலிப்சி வேறு, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் வேறு என்பதையும் தயவுசெய்து பிரித்துக் காட்டுங்கள். முன்னது அடிப்படை சி நிரலகம். காண்டா அதைக் கொண்டுவருவதில்லை, கணினியில் உள்ளதையே நம்புகிறது. சென்ட்ஓஎஸ் 7-இல் அது 2.17. புதியதைக் கேட்கும் பொதி அங்கே ஓடாது. வேறொரு கணினியிலிருந்து அதை நகலெடுத்துப் பாதையில் வைக்கச் சொன்னால், எல்எஸ் கட்டளைகூட ஓடாமல் போகக்கூடும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இன்னொரு வரி. கணக்கீட்டைப் பல இழைகளாகப் பிரித்து ஓட்டும் இன்டெல்லின் ஓப்பன்எம்பி நிரலகம் ஒரே நிரலில் இரண்டு முறை ஏறினால் நிரல் பிழைச்செய்தி காட்டி நிற்கும்; கேஎம்பி_டூப்ளிகேட்_லிப்_ஓகே என்ற மாறியை அமைத்தால் தொடர்ந்து ஓடும். ஆனால் இது பாதுகாப்பற்றது, நிரல் முறியலாம், சத்தமின்றித் தவறான விடைகளும் வரலாம் என்று அந்தச் செய்தியே எச்சரிக்கிறது. உங்களில் சிலர் எச்சரிக்கையை விட்டுவிட்டு மாறியை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். முறிந்துபோன நிரலை யாரும் ஆய்வுக் கட்டுரையில் சேர்ப்பதில்லை. தவறான எண் சேர்ந்துவிடும்.

பக்கத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. ஏற்கெனவே நகலெடுத்தவர்களின் பாஷ்ஆர்சியில் அந்த வரி அப்படியே இருக்கிறது. சூழலை அழித்தாலும், காண்டா வழியாக மென்பொருளை அகற்றினாலும் அது போவதில்லை. அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்பில், அதை நீக்கிவிட்டுப் புதிய முனையத்தைத் திறக்கும்படி ஒரு வாக்கியம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி நிருவாகி