பூத்த பிறகு பார்த்தீனியத்தை வெட்டாதீர்கள்: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், நூறு நாள் வேலைக்கு ஆள் விடுகிற பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பார்த்தீனியம் என்கிற களைச்செடியை வெட்டாமல் விட்டால்கூடப் பரவாயில்லை, பூத்துக் காய்ந்த பிறகு வெட்டிப் போடுவதுதான் வேலி போட்ட மேய்ச்சல் நிலமான எங்கள் கொறங்காடுகளை அதிகம் கெடுக்கிறது. போன தை மாதம் எங்கள் ஊர் இட்டேரியில், அதாவது இரு வேலிக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில், இடுப்பளவு நின்ற செடியை வெட்டி, கிளுவை வேலியோரமாகவே குவித்துவிட்டுப் போனார்கள். ஒரு கொத்துப் பூவைக் கையில் வைத்துக் கசக்கினால் கருப்பாகப் பொடிப்பொடியாக விதை உதிர்கிற பருவம் அது. அடுத்த கோடை மழைக்கு வேலிக்கு உள்பக்கம், ஆடு மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல் நிற்க வேண்டிய இடத்தில், அந்தச் சனியன்தான் பாய் விரித்த மாதிரி முளைத்தது.

ஒரு செடி 10,000 விதைக்கு மேல் தள்ளும். எடையே இல்லாத விதை, காற்றிலும் ஓடுகிற தண்ணீரிலும் போகும், டயரில் ஒட்டிய சேற்றிலும் போகும், ஜேசிபியில் அள்ளிக் கொட்டுகிற மண்ணில் சொல்லவே வேண்டாம். 1955இல் புனேயில் கண்ணில் பட்ட செடி நாடு முழுக்கப் பரவியது இப்படித்தான். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடுகிறது. ஆக, நமக்குக் கிடைக்கிற அவகாசமே அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் என்று தட்டி வைத்துப் படம் எடுக்கிறார்கள். வடக்கே அப்போது மழைக்காலம், சரி. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் அல்லவா? மழை விழுந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆள் விடுங்கள். அப்போது செடி தரையோடு படுத்த மாதிரி, கேரட் இலை போல விரிந்து கிடக்கும், தண்டே எழும்பியிருக்காது. ஈரம் இருப்பதால் களைக்கொத்து வைத்துக் கெல்லினால் வேரோடு வந்துவிடும். மேலாக அரிந்துவிட்டால் அடியிலிருந்து திரும்பத் தழைத்துவிடும், அதனால் புல்வெட்டும் மெஷினை இதற்கு எடுக்காதீர்கள். பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்க வைக்கலாம், எருவாகவும் ஆகும். அப்புறம், இடைவெளி விட்டு இன்னொரு சுற்று வரவேண்டும், ஏனென்றால் எல்லா விதையும் ஒரே நாளில் முளைப்பதில்லை.

பெண்கள்தான் இந்த வேலைக்கு அதிகம் வருகிறார்கள். வெறும் கையில் பிடுங்கினால் அரிப்பும் தடிப்பும் வரும், சிலருக்கு மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்ளும். கையுறை வாங்கிக் கொடுக்கக் காசில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

களைக்கொல்லி மருந்து அடிக்கலாமே என்பீர்கள். ரோட்டோரம், கல்லுக்காடு என்றால் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தால் கருகிவிடும், பத்து லிட்டர் டேங்குக்கு இரண்டு கிலோ உப்பு. ஆனால் அதை மேய்ச்சல் காட்டுக்குள் அடிக்கக் கூடாது, மண் போய்விடும். கிளைபோசேட் அடித்தால் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து சாகும், வெறுந்தரையானால் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். டூ ஃபோர் டி (2,4-D) என்கிற மருந்து புல்லை விட்டுவிடும், ஆனால் காற்றில் பருத்திக்கும் தக்காளிக்கும் போனால் இலை சுருண்டு வெள்ளாமையே போச்சு. இதெல்லாம் தெரியாமல் டெண்டர் விட்டு ஒரே மருந்தை எல்லா இடத்திலும் அடிப்பதை நிறுத்துங்கள். பார்த்தீனியத்தைத் தின்ன 1984இல் பெங்களூரில் விட்ட மெக்சிகோ வண்டு இருக்கிறதே என்றும் சிலர் கேட்கிறார்கள். அது நன்றாகத்தான் தின்னும், ஆனால் மழைக்காலத்தில் மட்டும், வறட்சி வந்தால் மண்ணுக்குள் போய்விடும்.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. பட்டி மாற்றாமல் ஒரே காட்டில் ஆட்டையும் மாட்டையும் விட்டு மொட்டையடித்தால், பார்த்தீனியத்தைத் தொடாமல் புல்லை மட்டும் மேய்ந்துவிடும். பசிக்கு அதைக் கடித்த மாட்டின் பாலும் கசக்கும். காட்டுக்காரர்கள் அவரவர் வேலிக்குள் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் இட்டேரியும் புறம்போக்கும் குளத்துக்கரையும் உங்கள் பொறுப்பு, அங்கிருந்துதான் வருஷா வருஷம் விதை வருகிறது.

இந்த ஐப்பசிக்கு முன்பே வேலைப் பட்டியலில் இரண்டு சுற்றுக் களையெடுப்பைச் சேர்த்துவிடுங்கள். தை மாதம் வெட்ட ஒதுக்குகிற ஆட்களையே முன்னால் அனுப்பினால் போதும், கூடுதல் செலவு பெரிதாக இருக்காது. எந்த இட்டேரியில் செடி அதிகம் என்று காட்ட எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறோம்.