இரண்டாவது பிரசவம் என்றால் சொல்லித்தர ஒன்றுமில்லையா?

பிரசவ வார்டுச் செவிலியர்களுக்கும் தாய்ப்பால் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். “இது ரெண்டாவதுதானே, உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லி நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடும் தாய்மாருக்காக எழுதுகிறோம். பால் கொடுக்கத் தெரியும்தான். இரண்டு வயதுப் பிள்ளை முதுகில் தொற்றிக்கொண்டிருக்கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். தடவைக்கு அரை மணி என்றாலே 4 முதல் 6 மணி நேரம். சாயங்காலத்தில் விட்டு விட்டு, அடுத்தடுத்துக் கேட்கும். மூத்தது பசிக்கும் தூக்கத்துக்கும் சிணுங்குவதும் அப்போதுதான்.

அதைப் பிடிக்க அம்மா சட்டென்று திரும்புகிறாள். மார்பு பாதி நழுவி, காம்பு மட்டும் ஈறுகளுக்கிடையே சிக்குகிறது. நாலு தடவை இப்படி ஆனால் வெடிப்புதான். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்த பிறகே எழச் சொல்லுங்கள். மறுபடி வைக்கும்போது வாய் அகலத் திறந்து, முகவாய் முதலில் மார்பில் படவேண்டும். குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போல், கால்கள் அம்மாவின் முதுகுப்பக்கம் போகும்படி வைக்கவும் பழக்குங்கள். மடி காலியாகும். மூத்தது தேடுவது அந்த மடியைத்தானே!

உட்கார மெத்தென்ற சோபாவைத் தேடவேண்டாம். அங்கே கண்ணயர்ந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து. கதவைச் சாத்திய அறையில், சுவரில் சாய்ந்து, தரையில் உட்காரலாம். பக்கத்தில் தண்ணீர், மூத்ததுக்குக் கொறிக்க ஏதாவது, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு பொம்மைக் கூடை.

அழுகிற குழந்தையைவிட அழாத குழந்தைதான் எங்களுக்குக் கவலை. முதல் வாரங்களில் சில குழந்தைகள் பசித்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். மூத்ததன் பின்னால் ஓடும் அம்மாவுக்கு இரண்டு வேளை தவறியதே தெரியாது. மார்பு கல்லாய்க் கட்டும், குழந்தைக்கு எடை ஏறாது. பகலில் 3 மணி நேரத்துக்கு மேல் போனால் எழுப்பிக் கொடுக்கவேண்டும் என்றும், ஐந்தாம் நாள் முதல் தினம் 6 தடவையாவது சிறுநீர் போகவேண்டும் என்றும் எழுதிக்கொடுங்கள்.

மூத்தது இன்னும் பால் குடிக்கிறதா? சீம்பால் நாட்களில் சின்னதுக்கு முதலில், மிச்சம் மூத்ததுக்கு. அதற்கு இரண்டு நாள் இளக்கமாகப் போகலாம். பால் கொடுக்கையில் அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதும் முதல் பிரசவத்தைவிட இம்முறை அதிகமாக இருக்கும். கருப்பை சுருங்குகிற வலி அது. முன்கூட்டியே சொன்னால் பயப்படமாட்டாள்.

“ராத்திரிக்கு ஒரு புட்டி கொடுத்துவிட்டுத் தூங்கு” என்பார்கள் வீட்டார். பால் வெளியேற வெளியேறத்தான் சுரக்கும். ராத்திரி வேளையை விட்டால் சுரப்பு குறையும். ராத்திரி மூத்தது எழுந்தால் வேறொருவர் பார்க்கட்டும் என்று நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். அவள் சொன்னால் எடுபடாது.

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மூத்ததுக்கு என்ன வயது? இன்னும் பால் குடிக்கிறதா? பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்றாவதற்கு “நான்தான்” என்று பதில் வந்தால், இன்னும் கால்மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
பாலூட்டும் தாய்மாருக்குத் துணைநிற்போர்