நான்காவது நிரல்: வாசிகசாலை ஆலோசனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாதத்து வாசகர் கூட்டத்துக்கு முன்னர் தாங்கள் என்னிடம் தந்த படிவத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அது ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்பதை மட்டக்களப்பில் கூட்டம் நடத்திப் பழகிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. உளவாளிகளாக இருந்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததுதான் பிழையென்றால், அந்தப் பிழை என்னுடையது. ஆனால் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றுக்கு அடுத்ததாக, "தெரிவித்த கருத்து" என்று நான்காவது நிரலொன்றும் இருந்ததே, அதை என்னால் நிரப்ப இயலாது. படிவத்தை மீளப் பெற்றுக்கொள்ளுமாறு தயவாய்க் கேட்கிறேன்.

வந்தாறுமூலையிலிருந்து பஸ் ஏறி வரும் அக்கா ஒருவரைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். ஆறு வருடங்களாகப் பின்வரிசையில், ஜன்னலோரம் இருந்து கேட்பவர். வாய் திறப்பது அரிது. தாள் அவரிடம் வந்தபோது பெயரை எழுதினார். இரண்டாம் நிரலில் வைத்த பேனாவை எடுக்காமலே இருந்தார். மை ஊறி ஒரு பொட்டாகப் பரவியது. பிறகு, "தண்ணி குடிச்சித்து வாறன், தம்பி" என்று எழுந்து போனார். கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனதை நான் பிந்தித்தான் கவனித்தேன். இந்த ஊரில் தாளில் பெயர் பதிவது என்றால் ஒரு காலத்தில் என்ன பொருள் என்பதை, என்னைவிட மூத்தவர்களான தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர் இரவல் வாங்கியிருந்த ரொபின்சன் குரூசோ மறுவாரம் அயல்வீட்டுப் பிள்ளையின் கையில் திரும்பி வந்தது.

அந்த நாவலை எழுதிய டானியல் டிபோவைப் பற்றித்தான் அன்று நான் பேச இருந்தேன். இங்கிலாந்தோடு இணைவதா இல்லையா என்று ஸ்கொட்லாந்து கொதித்துக்கொண்டிருந்த 1706ஆம் ஆண்டில், அமைச்சர் ரொபர்ட் ஹார்லியின் ஆளாக எடின்பரோவுக்குப் போய், கிளாஸ்கோக்காரரிடம் மீன் வியாபாரி என்றும் அபர்டீன்காரரிடம் கம்பளி வியாபாரி என்றும் பழகி, காதில் விழுந்ததையெல்லாம் எழுதியனுப்பியவர் அவர். சோமர்செட் மோம், ரஷ்யாவைப் போரிலிருந்து விலகவிடாமல் தடுக்க 1917இல் பெத்ரோகிராட்டுக்கு அனுப்பப்பட்டார். கிரகாம் கிறீன் இரண்டாம் உலகப் போரின்போது மேற்கு ஆபிரிக்காவில் பணியாற்றினார். இவர்களுக்கு எதிரே இருந்தது ஒரு போர். எனக்கு உறுத்தலாக இருப்பது அமெரிக்கரான பீட்டர் மத்தீசனின் கதைதான். 1953இல் நண்பர்களோடு சேர்ந்து பரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழைத் தொடங்கியபோது அவர் சி.ஐ.ஏ.யின் ஆள், இதழே தமக்கு மறைப்பாக இருந்தது என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இலக்கியம் பேசக் கூடிய நண்பர்களின் நடுவே இருந்துகொண்டு வேறு யாருக்கோ வேலை செய்வது என்பது அது. தங்கள் நான்காவது நிரல் என்னிடம் கேட்பதும் அதைத்தானே?

சம்பளத்தைப் பற்றியும் ஒரு சொல். நாடகாசிரியை அஃப்ரா பென், 1666இல் அரசருக்காக அன்ட்வேர்ப்பில் உளவு பார்க்கப் போய், செலவுக்குப் பணம் கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியும் போதியது கிடைக்காமல் கடனாளியாகத் திரும்பினார். எனக்கு அந்த மனக்குறையும் இல்லை. படிவத்துக்குப் போட்டோப் பிரதி எடுத்ததே என் கைக்காசில்தான்.

ஒற்றும் நூலும் மன்னவனுக்கு இரு கண்கள் என்று வள்ளுவரே சொல்லவில்லையா எனக் குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். சொன்னார்தான். ஒற்றனுக்குத் துறவியின் படிவத்தையும் அதே அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் படிவம் என்றது வேடத்தை. வாசிகசாலைக்காரனின் வேடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளவும். மண்டபத்தை இத்தனை வருடங்கள் கட்டணமின்றித் தந்த தங்கள் பெருந்தன்மையை நாங்கள் மறக்கவில்லை. விளக்கு, விசிறிச் செலவை இனி நாங்களே ஏற்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். கூட்டத்தின் தலைப்பையும் நாளையும் முன்கூட்டியே எழுத்தில் அறியத்தருகிறோம். வந்தவர் தொகை வேண்டுமென்றால் எண்ணிச் சொல்கிறேன்: அன்று 14 பேர் வந்தார்கள், 13 பேர் இருந்தார்கள். எவர் என்ன பேசினார் என்பதை மட்டும் கேட்காதீர்கள். படிவத்தை மீளப் பெறுங்கள். நான்காவது நிரல் வெறுமையாக நான் கையளித்த அன்றைய தாளையும் என்னிடமே திருப்பித் தாருங்கள். அதை அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தின் அறிவித்தலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர் கூட்ட ஒழுங்கமைப்பாளர்,
மட்டக்களப்பு.